முழுப் பேர்

மடுவத்தில் திரை செத்துப்போய் நிற்கிறது என்று ஆள் வந்து சொன்னபோது அஜந்தன் தேயிலைத் தொழிற்சாலைக் கந்தோரில் தன் எழுதுமேசையில் தேநீரை ஊதிக்கொண்டிருந்தான். அந்தத் திரையில் ஓடுவது அவன் எழுதிக் கொடுத்த புரோகிராம். ஆகவே கோப்பையை அப்படியே வைத்துவிட்டு தோட்டத்தின் மேற்பிரிவுக்கு ஏறினான். கொழுந்து நிறுக்கும் மடுவம் என்பது நாலு தூணும் தகரக் கூரையும்தான். உள்ளே ஒரு மின்தராசு. அதன் பக்கத்தில் ஒரு பலகைப் பெட்டிமேல், மூடிப்போன ஏதோ கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த பழைய தொடுதிரை. பதுளையில் மலிவாகக் கிடைத்தது என்று நிர்வாகம் வாங்கி வந்தது அது. ஈரம் படாமலிருக்கப் பொலித்தீன் உறை போட்டிருந்தார்கள். கொழுந்துக் கறை விரல்கள் பட்டுப் பட்டு உறையில் பச்சையும் கறுப்புமாகத் தடம் விழுந்திருந்தது. நிறுவை முடிந்த பெண்கள் பாதிப்பேர் லயத்து வீடுகளுக்கு இறங்கிவிட்டார்கள். மிச்சப் பேர் சாக்கைக் காலடியில் போட்டுவிட்டு, கூட்டமாக நின்று அவனைப் பார்த்தார்கள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. சாதாரணமாக அவனைக் கண்டால் 'கம்பியூட்டர் துரை வாறாருடி' என்று கேலி செய்கிற கூட்டம் அது.

வயரைப் பிடுங்கி மறுபடி குத்தினான். திரை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எழுந்தது. அவனுடைய சாம்பல் நிறச் சன்னல் விரிந்தது. மேலே ஆள் இலக்கம், நடுவே கிலோ, அடியில் வரிசையாகப் பட்டன்கள். அரைப் பேர். ஈரக் கொழுந்துக் கழிவு. பிழை திருத்து. அடுத்த ஆள். அவ்வளவுதான் இருந்தது. அஜந்தன் இடமிருந்து வலமாக ஒருமுறை வாசித்தான், பிறகு வலமிருந்து இடமாக வாசித்தான். எந்தப் பக்கமிருந்து வாசித்தாலும் முழுப் பேரைக் காணவில்லை.

தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்தைப் பேர் என்பார்கள். நிர்ணயித்த அளவு கொழுந்து நிறுவையில் விழுந்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். விடிய முன்னம் எழும்பி, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று, மலையில் ஏறி இறங்கிய கால்நோவு மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆடி பிறந்தால் ஊவாப் பக்கம் ஒரு வறட்டுக் காற்று அடிக்கும். துளிர் விடாது. அந்தக் காற்றுதான் தேயிலைக்கு மணம் கொடுக்கிறதாம், வெளிநாட்டில் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்களாம். வாங்குகிறவனுக்கு மணம், பறிக்கிறவளுக்கு அரைப் பேர் என்றால் அது நியாயமில்லை என்று எப்போதோ ஒரு கணக்கப்பிள்ளைக்குத் தோன்றியிருக்கிறது. அதிலிருந்து, காற்று மாதங்களில் கணக்கப்பிள்ளை மலையைப் பார்த்து, ஆளின் முகத்தைப் பார்த்து, அளவு குறைந்தாலும் முழுப் பேர் போட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. நிர்வாகம் ஒருதரம் இதை நிறுத்திப் பார்த்தது. பெண்கள் பெரட்டுக் களத்திலேயே சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். மலைக்கு ஒரு ஆள் போகவில்லை. நிர்வாகம் வழக்கத்தைத் திருப்பிக் கொடுத்தது. அளவு நிறைந்தால் புரோகிராம் தானே முழுப் பேர் போட்டுக்கொள்ளும், குறையும்போது போடுகிற அந்த வழக்கம் முழுவதும் இப்போது ஒரு பட்டனில் இருந்தது. அந்தப் பட்டன்தான் திரையில் இல்லை.

"கணக்கப்பிள்ளை, முழுப் பேர் பட்டன் எங்க?" என்று கேட்டான்.

இராசையா கணக்கப்பிள்ளை கம்பளித் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அத நீங்கதான தம்பி எடுத்தீங்க?"

"நான் எங்கங்க எடுத்தேன்?"

"மெசின் வந்த மொத நாளே இல்லீங்களே. மேலருந்து எடுக்கச் சொல்லிட்டாங்க, தம்பியும் எடுத்துட்டாருன்னு நெனச்சேன்."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே!"

"நல்லா கேட்டீங்க போங்க. இல்லாத பட்டனக் கேக்கப் போயி இருக்கிற வேலையும் போனா, எம் பொண்டாட்டி புள்ளைங்களுக்கு நீங்களா சோறு போடுவீங்க?"

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பைப்பில் தண்ணீர் வராவிட்டால் நிறுத்திவிட்டார்கள் என்றுதான் தோட்டத்தில் நினைப்பார்கள், குழாய் வெடித்திருக்கும் என்று யாருக்கும் தோன்றாது. குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்தில் பால்மா இல்லையென்றால் வெட்டிவிட்டார்கள். ஒரு பொருள் காணாமற் போனால் அதற்குப் பின்னால் ஓர் உத்தரவு இருக்கும் என்பது பல தலைமுறையாக அடிபட்டுப் படித்த பாடம். உத்தரவைப் பற்றிக் கேள்வி கேட்கிறவன் அடுத்த உத்தரவில் காணாமற் போவான் என்பதும் அதே பாடத்தில் வருகிறது. ஆகவே மெசின் வந்த நாளிலிருந்து இராசையா கண்ணுக்குத் தெரிந்த பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார். பேர் போடாமல் புரோகிராம் அடுத்த ஆளுக்குப் போக விடாது. அதையும் அப்படி எழுதியவன் அஜந்தன்தான்.

நடந்தது என்ன என்பது அவனுக்கு நின்ற இடத்திலேயே விளங்கிவிட்டது. பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மாடியில் இருந்த கம்பியூட்டர் வகுப்பில் ஜாவா படித்தவன் அவன். யசோதினி மிஸ் அங்கே பட்டன் அடுக்கும் பாடத்தைப் பாயை வைத்துத்தான் சொல்லிக் கொடுத்தார். பட்டனை நீங்கள் கையால் இந்த இடம் அந்த இடம் என்று வைக்கக் கூடாது, லேஅவுட் மேனேஜர் என்று ஒருவர் இருக்கிறார், அவரிடம் கொடுத்துவிட வேண்டும். ஃப்ளோலேஅவுட் என்றால் அவர் அறையில் பாய் விரிப்பதுபோல ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக விரித்துக்கொண்டே போவார். சுவர் வந்தால் அடுத்த வரிசைக்கு இறங்குவார். டவுன் பிள்ளைகள் இதை விளங்கிக்கொள்ளக் கொஞ்ச நேரம் எடுத்தார்கள். அஜந்தனுக்கு உடனே விளங்கியது. ஒற்றை அறை லயத்தில் அப்படித்தான் படுப்பார்கள். பாய் போட இடமில்லாதவர் வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் படுப்பார்.

முதலில் அவன் எழுதியது ஆங்கிலத்தில், பட்டன்களுக்குச் சின்னச் சின்னப் பெயர்கள். மடுவத்துக்குக் கொண்டுபோக முன்னம் அந்தத் திரையில் ஓட்டிப் பார்த்தபோது ஐந்தும் ஒரே வரிசையில் அழகாக உட்கார்ந்திருந்தன. முழுப் பேரை அவன் வேண்டுமென்றே வரிசையின் கடைசியில் வைத்தான். இராசையாவின் வலக்கைக்குக் கிட்ட இருக்கட்டும், தேடாமல் அமுக்கட்டும் என்று நினைத்தான். அத்தோடு விட்டிருக்கலாம். மறுநாள் கொடுக்கவேண்டிய நிலையில், எங்கள் ஆட்கள் வாசிக்கத் தமிழில் இருக்கட்டுமே என்று ஓர் ஆசை வந்தது. கந்தோரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தமிழாக்கினான். கந்தோரின் அகலத் திரையில் பார்த்தான், பூரித்துப் போனான், பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டான். தமிழ்ப் பெயர்கள் நீளம். சின்னத் திரையில் கடைசிப் பட்டனுக்கு இடம் போதாமல் அது கீழ் வரிசைக்கு இறங்கியிருக்கிறது. அந்த அடிப்பகுதிக்கு ஒரு வரிசை உயரம்தான் உண்டு. இறங்கிய பட்டன் சன்னலுக்கு வெளியே, இஸ்தோப்பில் கிடக்கிறது. இதில் மகா கொடுமை, சும்மா விட்டால் ஃப்ளோலேஅவுட் வரிசையை நடுப்படுத்தும் என்பது. ஒன்று போனதும் மிச்சம் நான்கும் இடத்தைப் பங்குபோட்டுக்கொண்டு நடுவுக்கு நகர்ந்துவிட்டன. பல்லு விழுந்த மாதிரி ஓர் ஓட்டையாவது இருந்திருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள்.

"நாளைக்குச் சரி பண்ணிருவேன்" என்று இராசையாவிடம் சொல்லிவிட்டு இறங்கினான். முதுகுக்குப் பின்னால் யாரோ காறித் துப்பினார்கள். அது தனக்குத்தான் என்று அவனுக்குத் தெரிந்தது.

வீட்டில் அவன் அம்மா ரெங்கம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். அப்பா போன பிறகு அந்த ஒற்றை அறைக் காம்பராவில் அவர்கள் இருவர்தான். மலைக்குப் போவது அவள், கந்தோருக்குப் போவது அவன். கந்தோரில் அவன் இன்னும் தற்காலிகம். நிரந்தரமானால் கிளாக்கர் வீடு ஒன்று கிடைக்கும். தனிப் பைப், தனிக் கக்கூஸ், அம்மாவின் முழங்காலுக்கு ஏற்றமில்லாத பாதை. அந்த வீட்டின் பச்சைக் கதவை ரெங்கம்மா ஒவ்வொரு நாளும் மலைக்குப் போகும் வழியில் பார்ப்பாள். இந்த மாதத்துக்குள் முடிவு சொல்வதாகக் கந்தோரில் பேச்சு.

"அம்மா, ஒனக்கும் அரைப் பேர்தான் போடுறாங்களா?"

"கொழுந்து எங்கப்பா இருக்கு."

"போன வருசமும்தான் இல்ல. முழுப் பேர் போட்டாங்களே."

ரெங்கம்மா ரொட்டியைப் புரட்டிப் போட்டாள். "அதெல்லாம் எதுக்கு இப்ப. ஒன் வேல நெரந்தரமாகட்டும். நீ எடுக்காட்டி ஒன்னய எடுத்துருவாங்கன்னு எனக்குத் தெரியாதா?"

 இத்தனை நாளும் தன் கூலியைப் பாதியாக்கியவன் தன் பிள்ளைதான் என்று நம்பிக்கொண்டு, அவனுக்குத் தேநீர் ஊற்றி, சட்டை துவைத்து, வேலைக்கு அனுப்பியிருக்கிறாள். ஏன் என்று ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டால் அவன் வெட்கப்படுவான் என்று கேட்கவில்லை. இதற்கு அவள் விறகுக்கட்டையால் நாலு போட்டிருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது. மெல்ல மெல்லக் கேட்டபோது மற்றதும் வந்தது. நிறைந்த சாக்கைத் தலையில் ஏற்றிவிட இரண்டு பேர் வேண்டும். மலையில் யாரும் யாருக்கும் செய்கிற உதவி அது, சண்டைக்காரிக்குக்கூடச் செய்வார்கள். ரெங்கம்மாவுக்குச் செய்ய ஒருத்தியும் வருவதில்லையாம். அவள் சாக்கை வரம்பில் சாய்த்து, குந்தியிருந்து, தானே தலையைக் கொடுத்து எழும்புகிறாளாம். பக்கத்துக் காம்பரா சுலோஜனா, கைப்பிள்ளைக்காரி, பைப்படியில் ரெங்கம்மாவின் வாளியைக் காலால் தள்ளிவிட்டு, "கம்பியூட்டர் ஊட்டுக்காரங்களுக்குத் தண்ணி கம்பியூட்டர்ல வரும்" என்றாளாம்.

"நா எடுக்கலம்மா. சத்தியமா எடுக்கல. அது எடமில்லாம வெளிய போயிருச்சு."

"பட்டன் எப்பிடிடா தானா வெளிய போகும்?"

பாய் கதையைச் சொன்னான். வரிசையாக விரிப்பது, சுவர் வருவது, கடைசிப் பாய் இஸ்தோப்புக்குப் போவது. ரெங்கம்மா அடுப்பை மறந்து கேட்டாள். "வெளிய தள்ளுனது யாரு?" என்றாள்.

"லேஅவுட் மேனேஜர்."

"அடக் கடவுளே, அந்தப் பொட்டிக்குள்ளயும் ஒரு துரையா?" என்று சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ரொட்டி கருகியது. பிறகு அப்படியே எழும்பி இஸ்தோப்புக்குப் போய்க் குரல் கொடுத்தாள். "ஏய் சுலோ! எம் புள்ள எடுக்கலடி! மெசினுதான் எடம் பத்தாம வெளிய தள்ளியிருக்கு. நாளைக்கு உள்ள வந்துரும். எல்லாருக்கும் சொல்லு!"

சொல்லச் சொல்லியிருக்கவே வேண்டாம். கொஞ்ச நேரத்தில் லயம் முழுக்க அவர்கள் வாசலில் நின்றது. அஜந்தன் பாய் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. சுலோஜனா ஒரு கிண்ணத்தில் பருப்புக் கறி கொண்டுவந்து, "மனசுல வச்சிக்காதக்கா" என்று ரெங்கம்மாவின் கையைப் பிடித்தாள். "நாளைக்கு நிச்சயமா வந்துருமாப்பா?" என்று யாரோ கேட்டார்கள். "ஒரே ஒரு வரிதாங்க, மாத்துனா முடிஞ்சுது" என்றான் அஜந்தன். பெரிய மனுசன் மாதிரி சொன்னான். அப்படிச் சொல்வது அவனுக்கு இனித்தது.

சொன்னது உண்மைதான். காலையில் கந்தோரில் உட்கார்ந்து ஃப்ளோலேஅவுட்டை அழித்துவிட்டு கிரிட்லேஅவுட் என்று எழுதினான். ஒரு வரிசை, ஐந்து கட்டம். எல்லாப் பட்டனுக்கும் ஒரே அகலம். பெயர் நீளமோ கட்டையோ, ஒன்றையும் வெளியே தள்ளாது. சன்னலைச் சின்னதாக்கிச் சின்னதாக்கி ஓட்டிப் பார்த்தான். ஐந்தும் ஒன்றாக ஒடுங்கின, ஒன்றும் விழவில்லை. பென்டிரைவில் போட்டுச் சட்டைப் பைக்குள் வைத்தான். அதோடு எழும்பி நேராக மடுவத்துக்குப் போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அவன் சின்னத் துரையிடம் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போகலாம் என்று நினைத்தான். பிழையைத் தானே கண்டுபிடித்துத் தானே திருத்திய பையன் என்று பெயர் வாங்கலாமே, நிரந்தரமாகிற நேரத்தில் நல்லதுதானே என்று நினைத்தான். பள்ளிக்கூடத்தில் முதல் வாங்கில் உட்கார்ந்து படித்த பிள்ளைகளைச் சாகும்வரை விடாத வியாதி இது.

சின்னத் துரை என்பது உதவி முகாமையாளர் கீர்த்திகன். பதுளையில் பிறந்து வளர்ந்தாலும் வீட்டில் யாழ்ப்பாணத் தமிழ். யாரையும் அதட்டிப் பேசமாட்டார். அஜந்தனை உட்காரச் சொன்ன ஒரே உத்தியோகத்தரும் அவர்தான். இன்றைக்கும் உட்காரச் சொன்னார். அஜந்தன் நடந்ததைச் சொல்லச் சொல்ல, முன்னுக்குச் சாய்ந்து மிகக் கவனமாகக் கேட்டார்.

"பொறும் பொறும். இங்கிலீசில இருக்கேக்க பட்டன் தெரிஞ்சது. தமிழில போட்ட உடன ஒளிச்சிட்டுதோ?"

"ஆமா சேர். பேரு நீளம்."

"தமிழில போடச் சொன்னது ஆர்?"

"நான்தான் சேர். நம்ம ஆளுங்க வாசிக்கட்டும்னு."

கீர்த்திகன் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். நேற்று ரெங்கம்மா சிரித்தது போலவே கண்ணில் தண்ணீர் வந்தது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, "நாங்கள் எத்தினை வருசமா உந்த வழக்கத்தை நிப்பாட்டப் பாக்கிறம் தெரியுமோ? நிப்பாட்டினால் குந்திவிடுவினம். நீர் ஒரு சத்தமுமில்லாமல் நிப்பாட்டிப் போட்டீர். அப்பிடியே விடும்" என்றார்.

அஜந்தனுக்கு முதலில் விளங்கவில்லை. "சேர், ஒரு வரிதான் சேர். மாத்தியும் வச்சிட்டேன்."

"எனக்கு விளங்குது. மாத்த வேண்டாம் எண்டு சொல்லுறன். பாரும், நான் எடுக்கச் சொல்லேல்லை. நீரும் எடுக்கேல்லை. அது தானாப் போனது. இதில ஆரிலை பிழை?"

"ஆளுங்களுக்கு அரைப் பேர் விழுது சேர்."

"கொழுந்து குறைஞ்சால் அரைப் பேர்தானே. சட்டம் அதுதானே." குரலைத் தாழ்த்தினார். "உம்மை நிரந்தரமாக்கிற விசயம் பெரிய துரையோட இந்தக் கிழமை கதைக்க இருக்கிறன். நல்ல பொடியன், அம்மாவோட தனிய, குவாட்டர்ஸ் ஒண்டு குடுக்கலாம் எண்டுதான் சொல்ல நினைச்சனான். இல்லை, பட்டனைத் திரும்பப் போட்டனீர் எண்டு வையும். இவ்வளவு நாளும் ஏன் இல்லை எண்டு சனம் கேக்கும். யூனியன் கேக்கும். புரோகிராம் எழுதினது ஆர் எண்டு கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுறது?"

மேசையில் அவருடைய தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. சன்னலுக்கு வெளியே காற்று சவுக்கு மரங்களைப் போட்டு உலுப்பியது. அஜந்தன் பச்சைக் கதவை நினைத்தான். அம்மாவின் முழங்காலை நினைத்தான். அம்மாவுக்காகத்தானே எல்லாம் என்று ஒரு நினைப்பு வந்தது. அதைப் பிடித்துக்கொண்டால் எதையும் தாங்கலாம் போலிருந்தது.

"பின்னேரம் நிறுவைக்கு நானும் வாறன்" என்றார் கீர்த்திகன். "நீர் பக்கத்தில நிண்டு ஆக்களுக்கு விளங்கப்படுத்தும். நீர் சொன்னால் நம்புவினம். தமிழிலையே சொல்லும்."

பின்னேரம் மடுவத்தில் திருவிழாக் கூட்டம். வழக்கமாகக் கடைசியில் வருகிறவர்கள்கூட வேளைக்கு வந்துவிட்டார்கள். ரெங்கம்மாவின் சாக்கை இன்று சுலோஜனாவும் இன்னொருத்தியும் தூக்கித் தலையில் வைத்திருக்கிறார்கள். மலையிலிருந்து அவளை முன்னால் விட்டுப் பின்னால் வந்திருக்கிறார்கள். மடுவத்திலும் வரிசையின் தலைப்பில் அவளைத்தான் நிறுத்தினார்கள். "மொதப் பேரு எங்க ரெங்கம்மாக்காவுக்குத்தான் விழணும், அவ புள்ள போட்ட பட்டனு" என்றாள் சுலோஜனா. ரெங்கம்மா மலைக்குக் கட்டிப்போகும் படங்குத் துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்கார வைத்தவளைப் போல வெட்கத்தோடு நின்றாள். சாக்கு மெலிவாகத்தான் இருந்தது. காற்று ஓய்ந்தால்தானே துளிர்க்கும்.

கொஞ்சம் தள்ளி, பாதையோரத்தில், கீர்த்திகன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு அதில் சாய்ந்து நின்றார். "அஜந்தன், எல்லாம் சரியோ?" என்று கேட்டார்.

"சரி சேர்" என்றான் அஜந்தன்.

பென்டிரைவ் சட்டைப் பைக்குள்தான் இருந்தது. திரையின் பக்கவாட்டில் அதைக் குத்தும் துவாரமும் அவன் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. இராசையா சாக்கைக் கொக்கியில் மாட்டினார். கிலோ ஏறி, ஆடி, நின்றது. அளவுக்குக் குறைவு. இராசையா பெருவிரலைத் திரைக்கு முன்னால் தூக்கியபடி வைத்திருந்தார். நான்கு பட்டன்கள் எதுவும் குறையாத மாதிரி நடுவில் உட்கார்ந்திருந்தன. அவர் அஜந்தனைப் பார்த்தார்.

"இன்னும் வரலியாப்பா?" என்றாள் ரெங்கம்மா மெதுவாக. அவளுக்கு வாசிக்கத் தெரியும். தமிழில்தானே இருந்தது.

அஜந்தன் கூட்டத்தைப் பார்த்துப் பேசினான். எல்லோருக்கும் கேட்க வேண்டுமென்று சத்தமாகப் பேசினான். "அது நம்ம வைக்கிறது இல்லங்க. மெசினுதான் வைக்குது. சின்னத் திரை, எடம் அவ்வளவுதான். நான் பாத்துட்டேன், ஒண்ணும் செய்ய ஏலாது."

"ஒரு வரின்னியே?" இது சுலோஜனா.

"நெனச்சேன். பாத்தா அப்பிடி இல்ல."

  காற்று தகரத்தைத் தட்டியது. சுலோஜனா தோளில் கிடந்த கைப்பிள்ளையை மறுதோளுக்கு மாற்றினாள். நேற்றுக் கொடுத்த கிண்ணம் நினைவுக்கு வந்தவளைப் போல ரெங்கம்மாவை ஒருமுறை பார்த்தாள். அவள் பின்னால் நின்ற பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லோரும் கீர்த்திகனைப் பார்த்தார்கள். அவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, என்ன போட?" என்றார் இராசையா. விரல் இன்னும் காற்றில் நின்றது.

அஜந்தன் அம்மாவைப் பார்க்காமலிருக்கத்தான் முயன்றான். ஆனால் பார்த்துவிட்டான். அவள் முகத்தில் கோபம் இல்லை. கொஞ்ச நாளாக அவனுக்குத் தேநீர் ஊற்றும்போது வைத்திருந்த அதே முகம். எடுத்தது பிள்ளைதான் என்று நம்பிக்கொண்டு அவள் வைத்திருந்த முகம் அது என்பது அவனுக்கு இப்போதுதான் விளங்கியது. நேற்று இரவு மட்டும் அது இல்லாமல் இருந்தது. திரும்ப வந்துவிட்டது.

"இருக்கிறதப் போடுங்க" என்றான்.

விரல் இறங்கியது. திரை சின்னதாக ஒரு சத்தம் போட்டு, அடுத்த ஆளைக் கேட்டது.

ரெங்கம்மா சாக்கைக் கொக்கியிலிருந்து தானே கழற்றினாள். கொழுந்தைக் குவியலில் கொட்டினாள். சாக்கைப் புறம் திருப்பி, தையலில் ஒட்டியிருந்த நாலைந்து இலைகளையும் விரலால் எடுத்துக் குவியலில் போட்டாள். அதற்கும் சேர்த்துத்தான் அரைப் பேர். படங்கைத் தட்டிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி பாதையில் இறங்கினாள். அவள் நின்ற இடம் கொஞ்ச நேரம் வெறுமையாகக் கிடந்தது. பிறகு சுலோஜனா சாக்கை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். அவள் பின்னால் மற்றவர்களும் ஆளுக்கு ஓர் அடி நகர்ந்தார்கள். வரிசை மறுபடி நிறைந்துவிட்டது.